பிறந்தநாள் கேக்

திருப்பதியில் இருந்த அந்தப் பெரிய ஓட்டலின் ஏழாவது மாடி லவுஞ்சில் எல்லாமே இலவசம் என்று மகன் பிரபாகர் சொல்லியும், ரத்னம்மா ஓர் இட்லிக்கு மேல் எடுக்கக் கூசினாள்.

"துன்னும்மா. டெல்லி வேலையில ஊர் ஊரா ஓட்டல்ல தங்கிக்கினு கெடக்கறேன்ல, அதுக்குத்தான் பிளாட்டினம் மெம்பர்னு இந்த மரியாதை."

சொந்த ஊரான நகரியில் தறி நெய்தே காய்த்துப்போன விரல்களால் அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "உங்க நைனா இருந்து பார்த்திருக்கணும்டா."

மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்தார். "அம்மாவா சார்? போன வருஷம் சாரோட பொறந்தநாளுக்கு நாங்க குடுத்த கேக்கை, கம்பெனிக்காரங்களோட இதே மேஜையிலதான் வெட்டினாரும்மா."

"அது வேற யாரோ..." என்று பிரபாகர் இழுப்பதற்குள், அவர் செல்போனில் படத்தையே காட்டிவிட்டுப் போனார்.

ரத்னம்மா தட்டை மெல்லத் தள்ளி வைத்தாள்.

"போன வருஷம் உன் பொறந்தநாளன்னிக்குத்தானேடா உங்க நைனா செத்தாரு. டெல்லியில பிளைட்டு கெடைக்கலன்னு போன்ல அழுதியே. பொணத்தை வச்சிக்கினு சாயந்தரம் வரைக்கும் வழி பார்த்தோம். அப்புறம் பக்கத்துத் தறிக்காரன்தான் கொள்ளி வச்சான்."

அவள் ஜன்னலுக்கு வெளியே சாலையைப் பார்த்தாள்.

"இங்கருந்து நகரிக்கு பஸ்ஸுல ஒன்றரை மணி நேரம்தானேடா."