குருட்டுக் காவலர்கள்

காவலர் கண்ணில் படாமல் ஒளிந்து விளையாடும் ஒரு வீடியோ கேம் வெளிவந்திருந்தது; அதன் இரண்டாம் பாகம் பற்றிக் கருத்துக் கேட்க, கஜகஸ்தானின் அல்மாட்டி நகரில் கூட்டம் போட்டிருந்தார்கள். சரியாகக் குறை சொல்பவருக்கு அங்கேயே வேலை. அதற்காகவே ஒல்ஜாஸ் வந்திருந்தான்.

"காவலுக்கு நிக்கிறவன் எல்லாம் குருடனா அக்கா? மூஞ்சிக்கு நேரா நின்னாலும் பிடிக்க மாட்டேங்கிறான்!" என்று மேடையில் இருந்த தயாரிப்பாளரிடம் கேட்டான் ஒல்ஜாஸ்.

"ஆமா, ஆமா!" என்று அரங்கமே கைதட்டியது.

"என்னை முதல் வாசல்லயே பிடிச்சிடறாங்களே" என்றாள் அய்மன் என்ற பெண்.

"நீ கிராமத்துக்குப் போய்க் குதிரைப் பால் கற, தாயே!" என்றான் ஒல்ஜாஸ். ஒரே சிரிப்பு.

விளையாட்டைத் தயாரித்த ஷோல்பான் மைக்கை வாங்கினாள்.

"தம்பி, கடையில வாங்கினதுல காவலருக்குக் கண்ணு நல்லாவே தெரியும். நெட்டுல திருட்டுத்தனமா இறக்கினா மட்டும் தெரியாதபடி நாங்கதான் செஞ்சு வச்சிருக்கோம்."

ஒல்ஜாஸின் காதுமடல்கள் சிவந்தன. அந்த அரங்கில் குனியாமல் இருந்த ஒரே தலை அய்மனுடையது.