திரைக்குக் கீழே கறுப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திகில் நாவலுக்காக கவாஷ் என்ற கெட்டி நீர்வண்ணத்தில் வரைந்த கறுப்பு வெள்ளை ஓவியத்தை, ஈரம் காய்ந்ததும் போனில் படமெடுத்து அனுப்பினாள் ஓவியக்காரி. பதிப்பாளர் உடனே அழைத்தார்.

“பார்த்ததும் பயந்தே போயிட்டேம்மா! ஆனா, இந்த அத்தியாயத்துல கொலைகாரன் வரமாட்டானே?”

“அவனை நான் வரையவே இல்லையே சார். காலி ரூம்தானே?”

“ஜன்னல் திரைக்குக் கீழே ரெண்டு ஷூ தெரியுதே?”

ஓவியத்தை எட்டப் பிடித்துப் பார்த்தாள். ஷூவேதான்.

“நான் கண்ணைச் சுருக்கிக்கிட்டு இருட்டையும் வெளிச்சத்தையும் மட்டும் பார்த்து வரைவேன் சார். அது என்ன பொருள்னு யோசிக்கிறதே இல்ல.”

“எந்த ரூமைப் பார்த்து வரைஞ்சீங்க?”

“என் ரூமைத்தான்...”

மெல்ல நிமிர்ந்தாள். எதிரே திரைக்குக் கீழே இப்போது வெறும் தரை.

“சார்... வீட்டுல நான் மட்டும்தான் இருக்கேன்.”

“அப்ப உங்க பக்கத்துல மூச்சு வாங்குறது யாரும்மா?”