அக்காவுக்கு ஜன்னலோரம்

சித்தாள் வேலைக்குப் போகிறவள் உட்கார்ந்தால் சோபா அழுக்காகும் என்று சொன்ன தம்பி மனைவிதான், இன்று கையைப் பிடித்து அக்காவை அதில் உட்கார வைத்தாள்.

"ராத்திரி முழுக்க விமானம். இறங்கின கையோட ரயில் ஏறினா அண்ணி உடம்பு தாங்காது. ஒரு நாள் ஹோட்டல்ல தூங்கட்டும்" என்றாள் கணவனிடம்.

"ரயில்ல அத்தைக்குப் படுக்கை போடுங்கப்பா, நாம உட்கார்ந்துக்கலாம்" என்றாள் மகள். "போர்வை எடுத்து வைங்க. அத்தைக்குச் சளிகிளி பிடிச்சிடப் போகுது."

அக்காவுக்குச் சிரிப்பாக வந்தது. "மழையில மண்ணு சுமந்த உடம்புடி. எனக்குப் போர்வை எதுக்கு? ஜன்னலோரம் கொடுங்க, அது போதும்."

"உனக்கு இல்லாததாக்கா? பெட்டியைக்கூட நீ தொடக் கூடாது" என்றான் தம்பி.

அவள் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் கழித்தாவது சொந்தம் ஒட்டிக்கொண்டதே!

"சரிடா, எல்லாரும் எப்பத் திரும்பறோம்?"

"ஆபரேஷனுக்கப்புறம் இவர் தேறுற வரைக்கும் நாங்க அங்கேயே இருக்கணும், அண்ணி. நீங்க முன்னாடியே கிளம்பிடலாம்" என்றாள் தம்பி மனைவி.

"தனியாவா? எனக்குத் தையல் ஆற வேண்டாமா?"

தம்பி சிரித்தான். "நீ உழைச்ச உடம்புக்கா. ரெண்டு கிட்னியில ஒண்ணை எனக்குக் கொடுத்தா, உனக்குத் தெரியவா போகுது?"

அக்கா சோபாவிலிருந்து எழுந்தாள்.

"பாஷை தெரியாத ஊர்ல என்னை ரயிலேத்திவிட யாருடா வருவா?"

போர்வை வரைக்கும் யோசித்திருந்த குடும்பம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.