கப்பலில் வந்த டிரெய்லர்

"இது டிரெய்லரா, பிஸ்கெட் டின்னா?"

வேலிக்கு அந்தப் பக்கம் டீக் கோப்பையோடு நின்றபடி மெர்வ் கேட்டார். டல்சி அப்போதுதான் புது டிரெய்லரைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்து வந்து வாசலில் நிறுத்தியிருந்தாள்.

"பாதி விலைக்குக் கிடைச்சுது. உனக்கு வயித்தெரிச்சல்!"

"கப்பல்ல வந்த தகரம், தாயே! பூசணிக்காய் ஒரு ஊருக்குப் போகும், சக்கரம் இன்னொரு ஊருக்குப் போகும்."

ஆஸ்திரேலியாவில், இந்தக் கிங்கராய் ஊரில், எங்கள் தெருவுக்கே டிரெய்லர் என்றால் அது மெர்வுடையதுதான். உள்நாட்டில் செய்த கனமான வண்டி. யார் கேட்டாலும் கொடுப்பார். திருப்பிக் கொண்டுவந்து விடும்போது ஒரு பெட்டி பீர் வைத்துவிட்டுப் போக வேண்டும், அதுதான் வாடகை. டல்சிக்கு மட்டும் யாரிடமும் போய்க் கேட்டு நிற்கப் பிடிக்காது. எழுபது தாண்டியும், கணவர் போன பிறகும், தானே பூசணி பயிரிட்டு, தானே சனிக்கிழமைச் சந்தையில் விற்கிறவள்.

பிரிஸ்பேனிலிருந்து வந்திருந்த அவள் மகன் கிரெய்க், சக்கரத்தை ஒரு உதை உதைத்துப் பார்த்தான்.

"நடுரோட்டுல தனியா மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவே? வீட்டை வித்துட்டு என்கூட வந்துடும்மா."

"மாட்டேன்."

"சரி, ஒரு பந்தயம். அடுத்த ஈஸ்டருக்குள்ள இந்த வண்டி ஒரே ஒரு தடவை ரிப்பேராச்சுன்னா, நீ வந்துடணும்."

"ஆச்சுன்னா வர்றேன். நான் சொன்னா சொன்னதுதான்."

"அப்ப இன்னிக்கே மூட்டையைக் கட்டு," என்றார் மெர்வ்.

எங்களுக்கெல்லாம் எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருக்கிற மனிதர் பேசுகிற பேச்சா இது?

அது போதாதென்று, கொஞ்ச நாளில் அவர் போக்கே மாறிவிட்டது. ஷெட்டுக்குப் பெரிய பூட்டாக ஒன்று வாங்கி மாட்டினார். எதிர்வீட்டு ட்ரெவர் போய்க் கேட்டான்.

"மெர்வ், பழைய சோபாவைக் குப்பைக் கிடங்குல போடணும். டிரெய்லரைக் கொடு."

"கிடையாது."

"ரெண்டு பெட்டி பீர் தர்றேன்யா."

"கிடையாதுன்னா கிடையாது. போய் அந்த பிஸ்கெட் டின்னைக் கேளு."

வயசாக ஆகக் கஞ்சத்தனம் முற்றிவிட்டது என்று தெருவே பேசிக்கொண்டது.

டல்சி யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. ட்ரெவரின் சோபா, யார் யாருடைய விறகு, இலைக்குப்பை எல்லாம் பிஸ்கெட் டின்னில்தான் போயின. வாடகை பீர் அவள் வீட்டில் சேர்ந்தது. டீயைத் தவிர வேறெதுவும் குடிக்காதவள் அவள். வேலிக்கு மேலாக மெர்விடம் நீட்டுவாள்.

"இந்தா, பிஸ்கெட் டின் சம்பாதிச்சது. வெக்கமில்லாம குடி."

வெட்கமில்லாமல் குடிப்பார்.

அடுத்த ஈஸ்டருக்குக் கிரெய்க் வந்தான். டல்சி வேலியோரமாகவே அவனை நிறுத்திவைத்துப் பேசினாள், மெர்வ் காதில் விழ வேண்டுமே!

"ஒரு தடவை நின்னிருக்குமா? கேளு, தெருவுல யாரை வேணா கேளு!"

"தோத்துட்டேன்மா. வீட்டை விக்கிற பேச்சை இனி எடுக்க மாட்டேன்." கிரெய்க் டிரெய்லரைச் சுற்றி வந்தான். "நானும் இதே மாதிரி ஒண்ணு வாங்கப் போறேன். பசங்க சைக்கிள், கூடாரம் எல்லாம் ஏத்திக்கிட்டு லீவுக்குக் கடற்கரைக்குப் போகலாம்."

மெர்வுக்குக் குடித்துக்கொண்டிருந்த பீர் புரையேறியது. இருமி முடித்ததும் கூப்பிட்டார்.

"கிரெய்க், ஷெட்டுல ஒரு சாமான் தூக்கணும். ஒரு நிமிஷம் வா."

பூட்டைத் திறந்து உள்ளே விட்டார்.

மெர்வின் டிரெய்லர் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தது. சக்கரம் இல்லை, அச்சு இல்லை, ஸ்பிரிங் இல்லை. காரில் மாட்டுகிற கொக்கிகூட இல்லை. மூலையில், ஒரு பக்கமாகத் தேய்ந்துபோன மெல்லிய சக்கரங்கள் இரண்டு கிடந்தன.

"அவ வண்டிச் சக்கரம் முதல் மாசமே ஆட ஆரம்பிச்சுடுச்சு. அவ பின்னாலயே கார்ல வந்தேன், பார்த்தேன். அவ புல்தரையில பௌல்ஸ் பந்து உருட்டி விளையாடப் போன அன்னிக்கு எல்லாத்தையும் மாத்திட்டேன். அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு பழைய நிறத்துலயே பெயின்ட் அடிச்சேன்."

"அம்மாகிட்டயே சொல்லியிருக்கலாமே, அங்கிள்?"

"பொய் சொல்லத் தெரியாதவப்பா அவ. உடனே உனக்குப் போன் பண்ணி, தோத்துட்டேன், கூட்டிட்டுப் போன்னு சொல்லியிருப்பா. அப்புறம் வேலிக்கு இந்தப் பக்கம் நான் யாரோட சண்டை போடறது?"

கிரெய்க் தேய்ந்த சக்கரத்தைக் கையால் தடவிப் பார்த்தான்.

"நியாயப்படி அம்மா தோத்துட்டாங்க."

"ஆமா. இனி உன் இஷ்டம். பசங்களை வெச்சுக்கிட்டு நீ அதை வாங்கறேன்னு சொன்னப்புறம் என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல."

வேலிக்கு அப்பாலிருந்து டல்சியின் குரல் வந்தது.

"அங்கே என்னடா ரகசியம்? அந்தக் கஞ்சன் பேச்சைக் கேட்டு மனசை மாத்திக்காதே. நல்ல வண்டிடா, தைரியமா வாங்கு!"

மெர்வ் தரையைப் பார்த்தார். கிரெய்க் ஷெட் கதவை மெதுவாகச் சாத்தி, பூட்டை அவனே மாட்டினான்.

"நல்ல வண்டிதாம்மா. ஆனா பிரிஸ்பேன்ல அது ஓடாது. நீ இந்த வீட்டை மட்டும் என்னிக்கும் வித்துடாதே!"