கயிற்றுக்கு முன்னால் ஒரு கணம்

"அந்த நானூறு மீட்டர் ஓட்டத்த மட்டும் வெட்டிருங்கம்மா. மத்ததெல்லாம் போடுங்க."

கிருஷ்ணராஜ் சொன்னதைக் கேட்டு சுதர்சினிக்குச் சிரிப்புத்தான் வந்தது. அறுபதைத் தாண்டிய மனிதர். மஹய்யாவயிலிருந்து குண்டசாலை வரை பஸ் ஏறி வந்து, கதிரையின் நுனியில் உட்கார்ந்து கேட்கிற விஷயமா இது?

பழைய பிலிம்களைச் சுத்தம் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாதுகாப்பது சுதர்சினியின் தொழில். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்து அலுமாரிக்குப் பின்னாலிருந்து சுருள் ஒன்று கிடைத்திருந்தது. எழுபத்தொன்பதாம் ஆண்டு விளையாட்டுப் போட்டி. அங்கே படிப்பித்த சித்திர மாஸ்டர் எடுத்த படம். சனிக்கிழமை, பழைய மாணவர் ஒன்றுகூடலில் அதைத் திரையிட வேண்டும்.

"ஏன் சேர் வெட்டணும்? அந்த ஓட்டத்தப் பாக்கத்தானே எல்லாரும் வர்றாங்க."

"அதனாலதான் சொல்றேன். வேணாம்."

அந்த ஓட்டத்தைப் பற்றித் தெரியாத பழைய மாணவர் யாருமில்லை. மஹ்மூத் முதலாவது, கிருஷ்ணராஜ் இரண்டாவது. அன்றும் கூட்டாளிகள், இன்றும் கூட்டாளிகள். துணிக்கடை மஹ்மூத் அந்த வெற்றியைச் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. "இவன முந்தினவன் நான்தான்!" என்று கிருஷ்ணராஜின் தோளில் கை போட்டுக்கொண்டே சொல்வார்.

"மன்னிச்சுக்கங்க சேர். பிலிம்ல உள்ளத உள்ளபடி காப்பாத்துறதுதான் என் வேல. ஆளாளுக்குப் பிடிக்காதத வெட்டத் தொடங்கினா, அப்புறம் மிஞ்சுறது என்ன?"

முகம் வாடிப்போய் அவர் எழுந்து போனார்.

"தோத்தது இன்னும் ஆறல்ல, பாத்தீங்களா?" என்றாள் கணவன் நிரஞ்சனிடம். "கூட்டாளிக்கு நாலு பேர் கை தட்டினா தாங்க முடியல."

"பொறாமை அப்படித்தான். மனுசன் பென்ஷன் எடுத்தாலும் அது ரிட்டயர் ஆகாது" என்று சிரித்தான் நிரஞ்சன்.

சுருள் லேசில் வழிக்கு வரவில்லை. பெட்டியைத் திறந்தாலே, பழுதாகும் பிலிமின் புளித்த வினாகிரி வாடை. ஓட்டம் முடிகிற இடத்தில் பூஞ்சணம் அப்பிக் கிடந்தது. பொறுமையாகத் துடைத்தாள். ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்தாள். கறைகளை நீக்கி, ஓட விட்டாள்.

கிருஷ்ணராஜ்தான் முன்னால் வந்தார். பக்கத்தில் ஒருவருமில்லை. தூரத்தில், வாயைப் பிளந்து மூச்சு வாங்கியபடி மஹ்மூத்.

முடிவுக் கோட்டில் கட்டியிருந்த கயிற்றை நெருங்கியதும் கிருஷ்ணராஜ் திரும்பிப் பார்த்தார். கால் தடுக்கவில்லை, சுளுக்கவுமில்லை. அப்படியே வேகத்தைக் குறைத்தார். மஹ்மூத் அவரைத் தாண்டிப் போய்க் கயிற்றை அறுத்தார்.

சுதர்சினி மறுபடி ஓட விட்டாள். மறுபடியும் அதேதான். ஃபோனை எடுத்தாள்.

"பாத்துட்டீங்களா?" கிருஷ்ணராஜின் குரல் தாழ்ந்தது. "அன்னைக்கு அவன் வாப்பா வந்திருந்தாரும்மா. இவன் எதுக்கும் லாயக்கில்லன்னு எந்நாளும் ஏசுற மனுசன். ஒரு தடவயாவது மகன் ஜெயிக்கிறதப் பாக்கட்டுமேன்னு தோணிச்சு. மஹ்மூத்துக்கு இது தெரியாது. இவ்வளவு காலமா அவன் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டத, இப்ப ஊர் முன்னால பறிக்கிறதா?"

சுதர்சினிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சுருள்ல நான் கை வைக்க மாட்டேன் சேர். அது அப்படியே பத்திரமா இருக்கும். ஆனா சனிக்கிழமை காட்டுற பிரதியில அந்த இடம் வராது. நான் பாத்துக்கிறேன்."

சனிக்கிழமை பள்ளி மண்டபம் நிரம்பி வழிந்தது. ஓட்டம் தொடங்கியதும் வழுக்கைத் தலைகளெல்லாம் பையன்களாகி விசிலடித்தன. கடைசி வளைவு திரும்பியது. சட்டென்று திரை இருண்டது.

"ஐயோ!" என்று மண்டபமே அலறியது.

"அதுக்கு மேல உள்ள துண்ட இன்னைக்குக் காட்ட முடியல. மன்னிச்சுக்கங்க" என்றாள் சுதர்சினி மைக்கில்.

மஹ்மூத் துள்ளி எழுந்தார்.

"அதுக்கென்ன? மிச்சத்த நான் காட்டுறன்!"

தொப்பியைச் சரிசெய்தார். நின்ற இடத்திலேயே கைகளை வீசி ஓடினார். இல்லாத கயிற்றை நெஞ்சை நிமிர்த்தி அறுத்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரையும் விட உரக்கக் கை தட்டியவர் கிருஷ்ணராஜ்.

தேநீர் வேளையில், கையில் பாதி கடித்த பட்டிஸோடு மஹ்மூத் அவளருகே வந்தார். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"மகள், அந்தத் துண்டு நெசமாவே பழுதாப் போச்சா?"

சுதர்சினி தடுமாறினாள். "ஆமா அங்கிள்... பூஞ்சணம் பிடிச்சு..."

"அல்ஹம்துலில்லாஹ்!" நீளமாக மூச்சு விட்டார் மஹ்மூத். "படம் போடப் போறாங்கன்னு கேள்விப்பட்ட நாள்ல இருந்து எனக்கு நிம்மதியே இல்ல. அந்த இடம் திரையில வந்தா, அவன் எனக்காக நின்டது எனக்குத் தெரியும்னு அவனுக்கு விளங்கிருமோன்னு ஒரே பயம்."

அவள் மெதுவாகக் கேட்டாள்: "தெரிஞ்சுமா அங்கிள் இவ்வளவு காலமும் ஊரெல்லாம் பெருமை பேசினீங்க?"

மஹ்மூத் மண்டபத்தின் மறுகோடியைக் காட்டினார். அங்கே கிருஷ்ணராஜ், மஹ்மூத் ஓடிக் காட்டியதை இன்னொருவருக்கு நடித்துக் காட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் பெருமை பேசுற நேரமெல்லாம் அவன்ட மூஞ்சி எப்படி மலருதுன்னு பாருங்க மகள். அதப் பாக்கத்தான் பேசுறன்!"