எக்ஸ்ட்ரா பில்

"அந்தம்மா நெஞ்சுக்குள்ள இருக்கிறது இதயம் இல்லப்பா, கான்கிரீட். அதுவும் நல்ல கிரேடு கான்கிரீட்" என்றார் மோக்.

சுற்றி உட்கார்ந்திருந்த டைல்ஸ் ஆட்கள் சிரித்தார்கள். பாதிச் சம்பளத்தில் அவர்களால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ஹாங்காங்கின் செங் ஷா வான் பகுதியில் முடியப்போகிற அந்த உயரமான கட்டிடத்தில் டைல்ஸ் வேலை மோக்குடையது. கீழ்த்தளத்து லாபி முழுக்கக் கறுப்பு டைல்ஸ் பதித்துப் பளபளவென்று ஒப்படைத்தார். கட்டிட முதலாளி தன் ஃபெங் ஷுய் ஜோசியரோடு வந்து பார்த்தார். கறுப்புத் தரை காசை விழுங்கும் என்று சொல்லிவிட்டார் ஜோசியர். எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு வெள்ளை போடச் சொன்னார்கள். மோக் போட்டார்.

ஜோசியர் சொன்னது பலித்தது. விழுங்கப்பட்டது மோக்கின் காசு.

இரண்டாவது தரைக்கு எக்ஸ்ட்ரா பில் கொடுத்து மாதக்கணக்காகிறது. செய்த வேலையை அளந்து, இவ்வளவு தரலாம் என்று கையெழுத்துப் போட வேண்டியவர் முதலாளி தரப்பு சர்வேயரான சீத்தோ மேடம். அவர் பாஸ் பண்ணினால் பணம் மெயின் கான்ட்ராக்டர் கம்பெனிக்குப் போகும். அங்கிருந்து மோக்குக்கு வரும்.

"அந்தம்மா கால்ல விழாத குறைண்ணே" என்றார் மெயின் கான்ட்ராக்டரின் மேனேஜர் பூன். "பெயர்க்கச் சொல்லி எழுத்துல இருக்கா, சாட்சி இருக்கான்னு நோண்டுது. மொத்தத்தையும் வெட்டிடுச்சு."

பூன் தங்கமான மனிதர். மோக் நொந்துபோகிற நாட்களிலெல்லாம் வறுத்த வாத்தும் சோறும் வாங்கிக் கொடுத்து, தோளில் கை போட்டுப் பேசுவார். அன்றைக்கும் வாத்து வந்தது. பணம்தான் வரவில்லை.

சீத்தோ மேடம் வேறு ரகம். சைட்டில் டீ குடிக்க மாட்டார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். கையில் ஒரு சின்னக் கம்பு. டைல்ஸைத் தட்டிப் பார்ப்பார். பொக்கென்று சத்தம் வந்தால் அந்த டைல் பில்லிலிருந்து காணாமல் போய்விடும்.

அடுத்த முறை அவர் லாபியை அளந்துகொண்டிருந்தபோது மோக் எதிரில் போய் நின்றார்.

"பார்த்து நில்லுங்க மேடம். காசு குடுக்காத தரை. காலைச் சுட்டுடப் போகுது."

மேடம் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். "எந்தத் தரை?"

"நீங்க நிக்கிற வெள்ளைத் தரைதான். பெயர்த்துப் போட்டதுக்கு ஒத்த டாலர் கூடக் குடுக்கலையே."

"ஒண்ணுமே வரலையா?"

"வெட்டினவங்களுக்குத் தெரியாதா?"

மேடம் குனிந்து டேப்பை இழுத்தார். போகும்போது மட்டும், "அந்த மூலையில ஒரு டைல் பொக்குன்னு கேக்குது. மாத்திடுங்க" என்றார்.

அன்று மோக் பேசிய பேச்சை அச்சில் போட முடியாது.

அந்த மாதக் கடைசியில் பூன் முகத்தில் ஈயாடவில்லை. "அந்தம்மா எங்க கம்பெனி பில்லையே நிறுத்தி வச்சிருக்குண்ணே. என்னமோ ஒரு விவரம் குடுத்தாத்தான் விடுமாம்."

"உங்களையுமா?" மோக்குக்கு மனசு இளகிவிட்டது. ஆட்களுக்குச் சம்பளம் தர வழியில்லாத நிலையிலும், பூனுக்குத் தன் காசில் பால் டீ வாங்கிக் கொடுத்தார்.

சில நாள் கழித்து பூனே கூப்பிட்டு செக்கை நீட்டினார். முழுத் தொகை.

"சண்டை போட்டு வாங்கிட்டேண்ணே. பணம் வந்துச்சுன்னு இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

மோக் கண் கலங்கக் கையெழுத்துப் போட்டார். செப்டம்பர் மாதம், நிலாத் திருவிழா சமயம். பூன் வீட்டுக்குப் பெரிய பெட்டியாகத் திருவிழாப் பலகாரமான மூன்கேக் போனது.

சீத்தோ மேடம் மறுபடி சைட்டுக்கு வந்தபோது மோக் விடவில்லை.

"என்ன மேடம், எங்க பூன் உங்க கையிலேருந்து பிடுங்கிட்டாரு போல. ரொம்ப வலிச்சுதா?"

ஆட்கள் சிரித்தார்கள். இந்த முறை நன்றாகவே சிரித்தார்கள்.

"முழுசா வந்துதா?" என்று கேட்டார் மேடம்.

"ஒரு டாலர் குறையாம."

"ஆளுங்களுக்குக் குடுத்துட்டீங்களா?"

"நான் என்ன உங்களை மாதிரியா? அன்னைக்கே குடுத்தாச்சு."

மேடம் தலையாட்டிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி வெளியே நடந்தார். இன்னும் ஒரு குத்தல் பாக்கியிருந்ததால் மோக்கும் பின்னாலேயே போனார்.

"பூன் காட்டின ரசீது சரிதான். மோக்கையே கேட்டுட்டேன்" என்று மேடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "கம்பெனி பில்லை இனி விட்டுடலாம். ஆமா, லாபி எக்ஸ்ட்ராவை நான் ஜனவரியிலேயே, சீனப் புத்தாண்டுக்கு முன்னாடியே முழுசா பாஸ் பண்ணிட்டேன். பணத்தையும் அப்பவே வாங்கிட்டாங்க. இந்த மனுஷனுக்குத் தராம இவ்வளவு நாள் வச்சிருந்திருக்காங்க."

சொல்லிவிட்டுத் திரும்பியவர் எதிரே மோக் நின்றார்.

"மேடம்... நான் அவ்வளவு பேசினேனே. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மேடம் போனைப் பைக்குள் போட்டார்.

"சொல்லியிருந்தா நேரா பூன்கிட்ட சண்டைக்குப் போயிருப்பீங்க. அடுத்த கட்டிடத்துல உங்களைச் சேர்த்துக்குவாரா? உள்ள போங்க, ஆளுங்க முன்னாடி வழக்கம்போல என்னையே திட்டுங்க. என்னைத் திட்டி இதுவரைக்கும் யாருக்கும் வேலை போனதில்ல."