கம்ப்யூட்டரை வாங்கியவன்

கரண்டு பாக்கி ஒன்பதாயிரத்து நானூறு சோம்.

"எல்லாம் உன் விளையாட்டுக் கம்ப்யூட்டர் குடிச்ச கரண்டு. பணத்தை எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்க?" என்று கேட்டாள் குல்சாத்.

"சத்தியமா சல்லிக்காசு இல்லடி." பையை உதறிக் காட்டினான் அவள் புருஷன் எர்மெக்.

"அப்படியா? காலையில விளம்பரம் போட்டு அந்தக் கம்ப்யூட்டரை வித்துட்டேன். பாக்கி எவ்வளவோ அதுதான் விலை. ஒருத்தன் பேரமே பேசாம முழுப் பணமும் அனுப்பிட்டான்."

உயிராய் வைத்திருந்த பொருள் போயும் எர்மெக் பதறவில்லை. ரொட்டியைத் தேநீரில் தோய்த்தபடி, "போகட்டும் விடு. வாங்கினது யாராம்?" என்றான்.

"அதைத்தான் கேக்கப் போறேன்."

குல்சாத் பணம் வந்த நம்பருக்குப் போன் போட்டாள்.

வாசலில் கிடந்த எர்மெக்கின் பூட்ஸுக்குள் மணி அடித்தது.

"எடுத்துப் பேசுய்யா," என்றாள். "பாக்கி கட்டியாச்சு, கம்ப்யூட்டரை எடுத்துக்கலாம்னு அந்த ஆளுகிட்ட சொல்லு."